அரபு அசையும் தமிழ் நாவும்: பாலாற்றங்கரை மக்தபுகளின் எழுத்துக்கூட்டு மரபு

முன்னுரை

தமிழகத்தில் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த வரலாற்றை ஆராய்ந்தோர் திண்ணைப் பள்ளிகளைப் பற்றியும், பின்னர் வந்த அரசினர் பள்ளிகளைப் பற்றியும் பலபட எழுதியுள்ளனர். இவ்விரண்டிற்கும் பக்கத்திலேயே, பள்ளிவாசலைச் சார்ந்து, வைகறையிலும் மாலையிலும் நடைபெற்றுவரும் மூன்றாவது வகைப் பள்ளி ஒன்றுண்டு. அதனை மக்தப் என்றும், குர்ஆன் மதரஸா என்றும் மக்கள் வழங்குவர். அங்கே ஐந்து வயதுக் குழந்தை, தான் வீட்டில் பேசாத ஒரு மொழியின் எழுத்தை ஒலிக்கக் கற்றுக்கொள்கிறது. பொருளறிதற்கு முன்னரே ஒலி வருகின்றது. சொல்லுக்கு முன்னரே அசை வருகின்றது.

இவ்வசைப் பயிற்சியைச் சமயக் கல்வியின் ஒரு பகுதி என்று மட்டும் கருதி மொழிநூலார் விலகி நிற்றல் முறையன்று. ஒரு மொழியின் ஒலியை மற்றொரு மொழிக்குரிய நா ஏற்கும்பொழுது, ஏற்கும் முறையிலேயே இரு மக்களின் தொடர்பு வரலாறு பதிந்துவிடுகின்றது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் ஊர்களில் உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இருவரும் ஓதுவது ஒரே நூல்; கற்பது ஒரே நெடுங்கணக்கு. எனினும் ஓரெழுத்தை இருவரும் இருவேறு வகையாக ஒலித்து வந்துள்ளனர். அவ்வேறுபாடு பிழையால் விளைந்ததன்று, இருவேறு வழிகளால் விளைந்தது என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவ விழைவது.

வழக்கில் அதிர்வுடைய ஸகரத்தை ஜகரத்தால் எழுதுதல் பெருவரவிற்று. ஆதலின் யாமும் அவ்வாறே எழுதுவோம்.

1. நிலமும் மொழியும்

பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்தின் பாலாற்றுப் பகுதி, 2019-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அடங்கியுள்ளது. பேரணாம்பட்டு வேலூரிலும், மேல்விஷாரம் இராணிப்பேட்டையிலும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரிலும் அமைந்தன. ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் தொழில் இவ்வூர்களை இணைத்தது. அத்தொழிலில் ஈட்டிய பொருளின் ஒரு பகுதி கல்விக்கும் சென்றது. 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1924-இல் ஆம்பூரை அடுத்த உமராபாத்தில், தோல் வணிகரான காக்கா முகம்மது உமர் அவர்கள் ஜாமியா தாருஸ்ஸலாம் என்னும் அரபுக் கல்லூரியை நிறுவினார்கள். இவற்றிற்கு முன்னரே வேலூரில் ஹஜ்ரத் மகானைச் சார்ந்த லத்தீபிய்யாவும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஷா அப்துல் வஹ்ஹாப் அவர்கள் வளர்த்த பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் புகழ்பெற்றிருந்தன. தமிழகத்தார் மட்டுமன்றி, கேரளத்தாரும் இலங்கையாரும் மலாய் நாட்டாரும் அங்கு வந்து பயின்றனர்.

மொழிநிலையை நோக்கின், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களின் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் வீட்டில் உருது பேசுவோர். மேல்விஷாரத்தாருள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். உருதுவின் வரவிற்குக் காரணம் வெளிப்படை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் வேலூர்க் கோட்டை பீஜப்பூர்ச் சுல்தானியர் கைப்பட்டது. அதன்பின் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி 18-ஆம் நூற்றாண்டில் இங்கு நிலைபெற்றது. அவர்தம் அரண்மனை மொழி பாரசீகம். படைவீடுகளிலும் கடைத்தெருக்களிலும் வழங்கியது தக்கணத்து உருது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவர்தம் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டையிலேயே வைக்கப்பட்டனர். இங்ஙனம் வடக்கிலிருந்து நிலவழியாக வந்த பாரசீக உருது மரபு ஒன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய துறைமுகங்களில் கடல்வழியாக வந்து தமிழோடு கலந்த அரபு மரபு மற்றொன்று. இவ்விரண்டும் சந்திக்கும் இடமாகப் பாலாற்றங்கரை விளங்குகின்றது.

2. எழுத்துக் கூட்டும் முறை

மக்தபில் குழந்தை முதலில் கற்பது காயிதா எனப்படும் அரிச்சுவடி. பழங்காலத்தில் பக்தாதியக் காயிதா என்பது இந்துமாக்கடல் நாடுகள் பலவற்றில் வழங்கியது. பின்னர், பஞ்சாபில் லூதியானா நகரைச் சார்ந்த நூர் முகம்மது என்பார் ஆக்கிய நூரானிக் காயிதா பரவி, இன்று பல நாடுகளில் முதல் நூலாக உள்ளது. தனியெழுத்து, கூட்டெழுத்து, உயிர்க்குறி, இரட்டைக்குறி, நெடில், ஒற்று, இரட்டித்தல் என்று அது படிப்படியாகச் செல்லும். காயிதா முடிந்தபின் குழந்தை குர்ஆனின் முப்பதாம் பகுதியாகிய அம்ம ஜுஸ்வைத் தொடங்கும். சிறிய அத்தியாயங்கள் அங்கு இருத்தலின் இறுதியிலிருந்து தொடங்குதல் மரபாயிற்று.

கற்பிக்கும் ஆசிரியரை இப்பகுதியில் ஹஜ்ரத் என்பர். அவர் சொல்லக் குழந்தைகள் ஒருங்கே திருப்பிச் சொல்வர். அலிபு என்னும் எழுத்தின்மேல் ஜபர் என்னும் குறி நிற்பின் 'அலிபு ஜபர் அ'. கீழே ஜேர் நிற்பின் 'அலிபு ஜேர் இ'. பேஷ் நிற்பின் 'அலிபு பேஷ் உ'. குறி இரட்டித்தால் அன், இன், உன் என்று மூக்கொலி பெறும். சொல்லைக் கூட்டும்பொழுதும் இம்முறையே. எழுதுகோல் என்னும் பொருளுடைய சொல்லை, 'காபு ஜபர் க. லாம் ஜபர் ல, கல. மீம் தோபேஷ் முன், கலமுன்' என்று கூட்டுவர். பள்ளிவாசலைக் குறிக்கும் சொல்லை, 'மீம் ஸீன் ஜபர் மஸ். ஜீம் ஜேர் ஜி, மஸ்ஜி. தால் தோபேஷ் துன், மஸ்ஜிதுன்' என்று கூட்டுவர். எழுத்தின் பெயர், குறியின் பெயர், விளையும் ஒலி என மூன்றும் முறையே வருதலும், ஒவ்வோர் அசை கூடியதும் அதுவரை வந்தவற்றைச் சேர்த்துச் சொல்லுதலும் இம்முறையின் சிறப்பு. குழந்தை சொல்லின் தொடக்கத்தை மறவாமல் முடிவுக்குச் செல்ல இஃது உதவுகின்றது.

தமிழ் யாப்பு அறிந்தார்க்கு இவ்வமைப்புப் புதியதன்று. நேரசை குறிலாகவும், குறிலொற்றாகவும், நெடிலாகவும், நெடிலொற்றாகவும் வரும். மக்தபுக் குழந்தை கூட்டும் அரபு அசைகளும் பெரும்பாலும் இந்நான்கே. 'க' என்பது குறில். 'மஸ்' என்பது குறிலொற்று. 'பா' என்பது நெடில். 'தாப்' என்பது நெடிலொற்று. பளுவும் ஏறத்தாழ ஒன்றே. தமிழில் 18 மெய்யும் 5 குற்றுயிரும் கூடி 90 குற்றுயிர்மெய் ஆகும். அரபில் 28 எழுத்தும் 3 குற்றுயிர்க் குறியும் கூடி 84 அசை ஆகும்.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தமிழில் புள்ளி பெறாத மெய்வடிவம் அகரத்தொடு கூடியே ஒலிக்கும். அகரத்திற்குத் தனிக்குறி இல்லை. அரபில் குறியில்லாத எழுத்து எவ்வுயிரும் பெறாது. அகரத்திற்கும் குறி வேண்டும். தமிழ் கற்ற குழந்தை வெற்றெழுத்தைக் கண்டதும் அகரம் கூட்டிப் படிக்க முனைவது இதனாலேயே. தமிழ்ப் புள்ளியும் அரபு ஜஸ்மும் மட்டும் ஒரே தொழிலைச் செய்கின்றன. உயிர் இல்லை என்பதை இரண்டும் காட்டும். நெட்டுயிரைக் காட்டத் தமிழில் ககரத்தின் பின் கால் இடுவது போல, அரபில் எழுத்தின் பின் அலிபு இடுவர். ஆதலின் 'கா' என்பதைக் கற்றுவந்த குழந்தைக்கு அரபு நெடிலை விளக்குதல் எளிது. இவ்வொப்புமைகளை அறிந்து பயன்படுத்தும் ஆசிரியர்க்குப் பாதி உழைப்பு மிச்சமாகும்.

இந்திய நாட்டில் அச்சிட்ட குர்ஆன் படிகளும் இக்கூட்டுமுறைக்கு இசைந்தவை. நெடிலைக் காட்டும் வாவ், யா என்னும் எழுத்துகளின்மேலும் இந்தியப் படிகளில் ஜஸ்ம் இடுவர். 1924-இல் கெய்ரோவில் வெளிவந்த பதிப்பில் அவை குறியின்றி நிற்கும். இந்திய மரபில் குறி பெறாத எழுத்தை ஒலிக்க வேண்டா என்னும் ஒரு விதியைக் குழந்தைக்குச் சொல்லிவிடலாம். எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிப்போர்க்கென அமைந்த பக்கம் அது.

3. குறிப்பெயர்கள்: வாயும் கோலும்

ஜபர், ஜேர், பேஷ் என்பன அரபுச் சொற்கள் அல்ல, பாரசீகச் சொற்கள். முறையே மேல், கீழ், முன் என்பன அவற்றின் பொருள். இவற்றின் அரபுப் பெயர்கள் பத்ஹா, கஸ்ரா, ளம்மா என்பன. பத்ஹா என்றால் திறத்தல். கஸ்ரா என்றால் முறித்தல். ளம்மா என்றால் சேர்த்தல். பாரசீகப் பெயர்கள் எழுதுகோல் நிற்கும் இடத்தைச் சுட்டுகின்றன. அரபுப் பெயர்கள் வாயின் செயலைச் சுட்டுகின்றன.

இப்பெயர்களின் தோற்றம் பற்றி அரபு மரபு ஒரு செய்தி கூறும். 7-ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பார், தாம் ஓதும்பொழுது வாய் திறந்தால் எழுத்தின்மேலும், தாழ்ந்தால் கீழும், இதழ் கூடினால் எழுத்தின் முன்னும் ஒரு வண்ணப்புள்ளி இடுமாறு எழுத்தாளரைப் பணித்தார் என்பது அது. 8-ஆம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் என்பார் புள்ளிகளை நீக்கி, இன்றுள்ள குறிகளை அமைத்தார். பேஷ் என்னும் குறி இன்று எழுத்தின்மேல் நிற்கின்றது. எனினும் அதற்கு 'முன்' என்று பெயர். மேலே நிற்பதை ஏன் முன் என்கிறோம் என்று ஒரு குழந்தை வினவுமாயின், அபுல் அஸ்வத் இட்ட புள்ளி எழுத்தின் முன் நின்றது என்பதே தக்க விடையாகும். குறி இடம் மாறிய பின்னும் பெயர் பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கிறது என்று யாம் கருதுகிறோம். மலாய் மொழியிலும் இக்குறிகளை மேல், கீழ், முன் என்னும் பொருளுடைய சொற்களாலேயே வழங்குவர்.

அரபுப் பெயர்களை நோக்கின், தமிழாசிரியர்க்கு மற்றொன்று புலப்படும். வாய் திறத்தலால் அகரம் பிறக்கும் என்பதும், இதழ் குவிதலால் உகரம் பிறக்கும் என்பதும் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும் கொள்கை. திறத்தல் எனவும் சேர்த்தல் எனவும் அரபு இலக்கணிகள் இட்ட பெயர்கள் அக்கொள்கையோடு ஒத்துள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கூறுவதற்கில்லை. மாந்தர் வாய் ஒன்றே; அதனை உற்று நோக்கியோர் ஒன்றே கண்டனர். எனவே உயிர்க்குறியைக் கற்பிக்கும் ஆசிரியர், குறி நிற்கும் இடத்தோடு வாயின் செயலையும் காட்டிக் கற்பித்தால், தமிழ்ப் பாடமும் அரபுப் பாடமும் குழந்தையின் உள்ளத்தில் ஒன்றற்கொன்று துணையாகும்.

4. பதினைந்தாம் எழுத்து

இனி, கட்டுரையின் உயிர்நிலையாகிய செய்திக்கு வருவோம். அரபு நெடுங்கணக்கின் பதினைந்தாம் எழுத்து அரபியர்க்குப் பெருமிதம் தருவது. தம் மொழியை அவ்வெழுத்தின் மொழி என்றே அவர்கள் அழைப்பர். இதனை உருது மக்தபில் ஜ்வாது என்பர். தமிழ் மக்தபில் ளாது என்பர்.

இவ்வேறுபாடு அரிச்சுவடியோடு நில்லாது, அன்றாடச் சொற்களில் எங்கும் பரவியுள்ளது. நோன்பு மாதத்தை உருது பேசுவோர் ரம்ஜான் என்பர். தமிழ் மரபினர் ரமளான் என்பர், ரமழான் என்றும் எழுதுவர். தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுதலை முன்னவர் வஜூ என்பர். பின்னவர் உளு அல்லது ஒளு என்பர். கட்டாயக் கடமை முன்னவர்க்குப் பர்ஜ், பின்னவர்க்குப் பர்ளு. தவறிய தொழுகை முன்னவர்க்குக் கஜா, பின்னவர்க்குக் களா. நடுவர் முன்னவர்க்குக் காஜி, பின்னவர்க்குக் காழி. இவை யாவற்றிலும் வருவது அப்பதினைந்தாம் எழுத்தே.

இரு மரபும் ஒரே தொடரில் கூடி நிற்பதையும் காணலாம். தமிழ் இசுலாமிய நூல்களில் நபித் தோழர் பெயருக்கு முன் 'ஹஜ்ரத்' என்று எழுதிப் பின்னர்ப் பிறைவளைவுக்குள் 'ரலி' என்று எழுதுவதுண்டு. ஹஜ்ரத் என்பதன் நடுவெழுத்தும், ரலி என்பதற்கு மூலமாகிய வாழ்த்துரையின் இரண்டாம் எழுத்தும் அரபில் ஒன்றே. முன்னது பாரசீக வழியாக வந்தமையின் ஜகரம் பெற்றது. பின்னது கடல் வழியாக வந்த தமிழ் மரபாதலின் லகரம் பெற்றது. ஒரு பெயரின் இருபுறத்தும் இரு வழிகள் நிற்கின்றன. படிப்போர் வேறுபாடு உணராமலே படித்துச் செல்கின்றனர்.

தமிழர் நா அரபொலியை ஒலிக்க மாட்டாது ளகரமாக்கிற்று என்று கூறிவிடுதல் எளிது. அங்ஙனம் கூறுவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். இன்று அரபு நாட்டு ஓதுவோர் பலர் இவ்வெழுத்தைத் தடித்த தகரம் போல ஒலிக்கின்றனர். பண்டும் அவ்வொலியே தமிழர் செவியில் விழுந்திருக்குமாயின், அதற்கு அணித்தாகிய டகரமும் தகரமும் தமிழில் ஆயத்தமாக இருந்தன. அவற்றை விடுத்து ளகரத்தைத் தேர்ந்தது ஏன்? செவியில் விழுந்த ஒலியில் நாவின் விளிம்பிற்குப் பங்கு இருந்தது என்பதே பொருத்தமான விடை.

இதற்கு அரபு இலக்கணமே சான்று. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸீபவைஹி என்னும் பேரிலக்கணி இவ்வெழுத்தின் பிறப்பிடத்தைக் கூறும்பொழுது, நாவின் விளிம்பும் அதனை அடுத்த கடைவாய்ப் பற்களும் எனக் குறித்தார். தமிழில் லகர ளகரங்களின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியரும் நாவின் விளிம்பையே எடுத்துக் கூறுகின்றார். அது தடித்து அண்ணத்தைத் தொடின் லகரமும் தடவின் ளகரமும் ஆம் என்பது அவர் கருத்து. பஸ்ராவின் இலக்கணியும் தமிழகத்தின் இலக்கணியும் வெவ்வேறு எழுத்துகளுக்கு ஒரே உறுப்பைக் காட்டினர். அவ்வுறுப்பே இரண்டு எழுத்துகளையும் தமிழ் மக்தபில் இணைத்துவிட்டது.

பிற நாட்டு வழக்குகளும் இதனை வலியுறுத்தும். நடுவரைக் குறிக்கும் அரபுச் சொல் இசுபானிய மொழியில் அல்கால்தே என ஊர்த்தலைவரைக் குறிக்க வழங்குகின்றது. ஆப்பிரிக்காவின் ஹௌசா மொழியில் அல்காலி என நிற்கின்றது. பர்ளு என்பதற்கு மூலமான சொல் மலாயில் பெர்லு என்றாகி, தேவை என்னும் பொருள் தருகின்றது. இசைவு என்னும் பொருளுடைய மற்றொரு சொல் அங்கே ரெலா என்றாயிற்று. மலையாள முஸ்லிம்களும் தமிழரைப் போன்றே ளகரம் இட்டு ரமளான் என எழுதுவர். தென் அரேபியாவின் மஹ்ரி, சுக்குத்ரி மொழிகளில் இவ்வெழுத்திற்கு இனமான ஒலி இன்றும் நாவிளிம்பில் பிறக்கின்றது. ஒருவரையொருவர் அறியாத இத்துணை மக்கள் ஒரே வகையாகப் பிழை செய்தனர் எனக் கொள்வதினும், பழைய அரபொலி ஒன்றைத் தத்தம் மொழிக்கேற்பக் காத்தனர் எனக் கொள்ளுதலே சாலும்.

5. தடையும் விடையும்

இம்முடிபிற்கு இரு தடைகள் எழலாம். முதலாவது: தமிழ் மரபினர் பதினேழாம் எழுத்தையும் ளகர லகரங்களால் ஒலிக்கின்றனர். நண்பகல் தொழுகையை உருது பேசுவோர் ஜுஹர் என்ன, இவர்கள் லுஹர் என்பர். அவ்வெழுத்து நாவிளிம்பில் பிறப்பது அன்றே எனின், அரபு வட்டார வழக்குகள் பலவற்றில் பதினைந்தாம் எழுத்தும் பதினேழாம் எழுத்தும் வேறுபாடின்றி ஒன்றாகிவிட்டன. ஒன்றாகிய பின்னரே அவ்வழக்கு இங்கு வந்தது எனக் கொள்ளின் தடை நீங்கும். மலாயிலும் அத்தொழுகைக்கு லொஹோர் என்று பெயர் வழங்குதல் ஈண்டு நோக்கத்தக்கது.

இரண்டாவது: ஓதல் இலக்கணமாகிய தஜ்வீத் நூலார் இவ்வொலிப்பை ஏற்கவில்லை. 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்த இப்னுல் ஜஸரீ, இவ்வெழுத்தைச் செம்மையாக ஒலிப்போர் மிகச் சிலரே என்று கூறி, அதனைச் சிலர் பதினேழாம் எழுத்தாகவும், சிலர் ஜகரச் சாயலோடும், சிலர் தடித்த லகரமாகவும் ஒலிப்பதைக் குறித்தார். லகரமாக ஒலிப்போராக அவர் எடுத்துக்காட்டியது ஏடன் வளைகுடாக் கரையிலுள்ள ஸைலஉ துறைமுகத்தாரை. அவர்க்கு அது குற்றம். நமக்கோ அது சான்று. இந்துமாக்கடலின் மேல்கரையில் ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் வழங்கிய ஒலிப்பு, அக்கடலின் கீழ்கரையிலும் வழங்கியதில் வியப்பில்லை. ஜகரச் சாயலும் அவரால் குற்றமென்றே குறிக்கப்பட்டது என்பதனை மறத்தலாகாது. உருது மரபு செம்மையுடையது, தமிழ் மரபு சிதைந்தது என்று கொள்வதற்கு அவர் நூலில் இடமில்லை. இவ்வெழுத்தை எவ்வாறு ஓதுதல் வேண்டும் என்பது பற்றி இந்திய உலமாக்களிடையே நெடிய வாதம் நிகழ்ந்ததுண்டு. அதில் தீர்ப்பு வழங்குதல் எம் பணியன்று. அது தஜ்வீத் அறிஞர்க்குரியது. வழக்கின் வரலாற்றைக் கூறுதலே மொழிநூலார்க்குரியது.

6. ஓதலும் வாசித்தலும்

தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனைப் படித்தல் என்னாது ஓதுதல் என்பர். ஓதல் என்பது தமிழில் மிகப் பழைய சொல். தலைவன் பிரிவிற்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் அதனை எண்ணும். சைவத் திருமுறை பாடுவோரும் ஓதுவாரே. பள்ளி என்னும் சொல்லும் சமணர் உறைவிடம், கல்விக்கூடம், தொழுமிடம் என்று பல சமயத்தார்க்கும் பொதுவாயிற்று. ஒலியைப் பேணிச் சொல்லுதல் ஓதல். பொருளுணர்ந்து செல்லுதல் வாசித்தல் என இன்றைய வழக்கில் ஒரு வேறுபாடு காணலாம். மக்தபுக் குழந்தை ஓதக் கற்கின்றது. அவ்வோதல் வாசிப்பிற்கு வழி செய்ததா என்பதே வினா.

இவ்வினா பழையது. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் வரலாற்று முன்னுரையில், வடமேற்கு ஆப்பிரிக்க மக்ரிபு நாட்டார் குழந்தைகளுக்குக் குர்ஆனை மட்டும் கற்பிப்பதையும், அந்தலூசியர் கவிதையும் மொழியும் எழுத்தும் சேர்த்துக் கற்பிப்பதையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். மொழியை முன்னர்க் கற்பித்துப் பின்னரே குர்ஆனைக் கற்பிக்க வேண்டும் என்ற இப்னுல் அரபீயின் கருத்தைப் பாராட்டிய அவர், மக்களின் வழக்கம் அதற்கு இடந்தராது என்றும் கூறினார்.

தமிழ்க் கடற்கரையில் இவ்வினாவிற்கு ஓர் அரிய விடை கிடைத்தது. அதுவே அரபுத்தமிழ். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்கள் ஆக்கினர். எகர ஒகரங்களுக்குக் குறிகள் வகுத்தனர். உயிர்க்குறிகளை முற்றும் இட்டு எழுதினர். அதனால் காயிதாவை முடித்த ஒருவர், தமிழ் எழுத்தை அறியாதவராயினும், தம் தாய்மொழி நூலை எழுத்துக்கூட்டிப் படிக்கலாயினர். பள்ளிக்கூடம் செல்லாத பெண்டிர்க்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் அவ்வெழுத்தில் மக்களுக்காக நூல்கள் இயற்றினர். ஓதல் கற்பித்த அசையே வாசிப்பிற்கும் திறவுகோல் ஆயிற்று.

தோல் தொழில் ஊர்களில் அத்திறவுகோல் வேறொரு கதவைத் திறந்தது. உருது எழுத்தும் அரபு எழுத்தின் வழியதே. ஆதலின் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் காயிதா கற்ற குழந்தை உருது வாசிப்பிற்கு எளிதாகச் சென்றது. மேல்விஷாரத்துத் தமிழ்க் குழந்தைக்கோ, தமிழைத் தமிழெழுத்தில் கற்பிக்கும் பள்ளி வேறாகவும், ஓதும் பள்ளி வேறாகவும் அமைந்தன. ஒரே அரிச்சுவடி ஒரே பாலாற்றுப் பகுதிக்குள் இருவேறு பயன் தந்தது.

வேலூர்க் கல்வி கேரளத்தில் விளைத்த பயன் ஒன்றும் குறிப்பிடத்தக்கது. லத்தீபிய்யாவில் பயின்ற சாலிலகத்துக் குஞ்ஞகமது ஹாஜி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழக்காட்டு மதரஸாவில் கரும்பலகையும் இருக்கைகளும் வகுப்புமுறையும் புகுத்தி, அரபு மலையாள எழுத்தையும் சீர்திருத்தினார். பொருளுணர்ச்சிக்கு வேலூர் செய்த தொண்டும் சிறிதன்று. பாக்கியாத்தில் பயின்ற அ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் குர்ஆனைத் தமிழில் பெயர்க்கும் பணியை மேற்கொண்டு, 1929-இல் முதற்பகுதியை வெளியிட்டார்கள். ஓதிய ஒலிக்குத் தாய்மொழியில் பொருள் காணும் வாய்ப்பு அதனால் தமிழர்க்குக் கிடைத்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் போதரும். மக்தபின் எழுத்துக்கூட்டுமுறை தமிழ் யாப்பின் அசையமைப்போடு ஒத்துச் செல்வது. அதன் குறிப்பெயர்கள் பாரசீகத்தின் வழி வந்து, 7-ஆம் நூற்றாண்டுப் புள்ளியின் நினைவைத் தாங்குவன. பதினைந்தாம் எழுத்தின் இருவகை ஒலிப்பு, நிலவழி வந்த மரபிற்கும் கடல்வழி வந்த மரபிற்கும் வாழும் சான்றாக நிற்பது.

இச்சான்று இன்று விரைந்து மாறி வருகின்றது. எகிப்திய ஓதுநர் மஹ்மூத் கலீல் அல்ஹுசரீ முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவுசெய்தது 1961-இல் வெளிவந்தது முதல், அரபு நாட்டு ஓதலே எங்கும் அளவுகோலாயிற்று. வானொலியும் ஒலிநாடாவும் தொடங்கியதைக் கைப்பேசி நிறைவு செய்கின்றது. ஒரே வகை ஓதல் பரவுதல் ஓதுவோர் விருப்பத்திற்குரியது. அதனைக் குறை கூறுவார் இலர். ஆயினும், பாட்டி உளு என்று சொல்ல, பெயரன் அதனைப் பிழையெனத் திருத்தும் நிலை வருமாயின், அங்கே ஒரு வரலாறு நாணித் தலைகுனிகின்றது. அது நாணத்தக்கது அன்று என்று எடுத்துச் சொல்லும் கடமை தமிழ்த் துறைகளுக்கு உண்டு.

ஆதலின், மேல்விஷாரம் முதல் வாணியம்பாடி வரை முதியோர் சொல்லும் எழுத்துக்கூட்டுப் பாடங்களை ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். ஊர்தோறும் எழுத்தின் பெயர், குறியின் பெயர், அசையின் ஒலி ஆகிய மூன்றையும் அட்டவணைப்படுத்துதல் வேண்டும். தமிழிலக்கணம் கற்றோரும் தஜ்வீத் கற்றோரும் ஒருங்கிருந்து அவற்றை ஆராய்தல் வேண்டும். நாவின் விளிம்பைப் பற்றி இரு மரபினரும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்துள்ளனர். அவ்விரு நூல்களையும் ஒரே மேசையில் விரித்து வைப்பது இனி நம் பணியாகும்.